அவரே போட்ட பொத்தான்

கல்யாணமான நாள் முதல் என் கணவர் தன் தட்டைத் தானே எடுத்து வைத்ததில்லை. சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்த வியாபாரியிடம் கணக்கு எழுதினார். மத்தியானம் வீட்டுக்கு வந்து கை கழுவினால், துவாலையோடு நான் நிற்க வேண்டும்.

மறதி நோய் முற்றி, வழி தெரியாமல் கிழக்கேகோட்டை பஸ் நிறுத்தத்தில் போய் நிற்க ஆரம்பித்த பிறகு, பிள்ளைகள் அவரை ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். நான் முதல் தடவை பார்க்கப் போனபோது வராந்தாவில் உட்கார்ந்து துவாலை மடித்துக்கொண்டிருந்தார். மூலைக்கு மூலை சேர்த்து! கொடியில் கிடக்கும் துணி மழையில் நனைந்தாலும் அசையாத மனுஷன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சாப்பாட்டு நேரத்தில், வழக்கம்போல் அவர் தட்டை இழுத்துச் சோற்றைப் பிசையப் போனேன். அரைத் தமிழ் பேசும் மலையாள நர்ஸ் என் கையைப் பிடித்தாள்.

"அம்மா தொட வேண்டா, கேட்டோ. சார் தன்னே செய்யட்டே."

"அவருக்குத் தெரியாது மோளே."

"தெரியும். நேரம் எடுக்கும், அவ்வளவுதான். எல்லாம் நம்ம செஞ்சா, தெரிஞ்சதும் மறந்துபோவும்."

அவர் மோர்க் கிண்ணத்தைச் சாய்த்தார். பாதி சோற்றில், பாதி மேஜையில், மிச்சம் என் சேலையில். நான் எழுந்தேன். நர்ஸ் கண்ணாலேயே உட்காரச் சொன்னாள். அவர் ஒரு வாய் சாப்பிட்டு அடுத்த வாய்க்குக் கையைத் தூக்குவதற்குள் நான் ஒரு கல்யாணத்துக்கே சமைத்திருப்பேன்.

நர்ஸ் ஒரு துணியை நீட்டினாள். அவரே மேஜையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே என்னைக் காட்டி அவளிடம் கேட்டார்: "இது யாரு, புதுசா வேலைக்கு வந்ததா? சும்மாவே இருக்கு."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வெளியே வந்ததும் அவளைப் பிடித்துக்கொண்டேன். "எங்கிட்ட ஒரு டம்ளர் கழுவினதில்லை. உனக்கு மட்டும் எப்படிச் செய்யறாரு?"

"அம்மா செய்ய விட்டிருக்க மாட்டீங்க."

"விடலையா? கெஞ்சியிருக்கேன்டி!" என் சத்தத்துக்குத் தோட்டக்காரர் திரும்பிப் பார்த்தார்.

இப்போதும் சனிக்கிழமைதோறும் போகிறேன். கையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். போன வாரம் அவர் சட்டை போட்டு முடிப்பதற்குள் என் பஸ் போய்விட்டது. பொத்தான்கள் ஒன்று தப்பி, ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கிக் கிடந்தன. நாகர்கோவிலிலிருந்து வந்திருந்த அவர் தம்பி முகத்தைச் சுளித்தார்.

"என்ன மைனி, அண்ணனை இப்படியா விட்டு வச்சிருக்கீங்க?" என்று கேட்டு, சட்டையைச் சரிசெய்யக் கையை நீட்டினார்.

"தொடாதீங்க. அது அவரே போட்டது" என்றேன்.

சொன்ன பிறகுதான் எரிச்சல் இன்னும் கூடியது. அந்த நர்ஸ் பெண்ணின் பேச்சு என் வாயிலிருந்தே வருகிறது.