காலி செய்யக் கூடாத குளம்

என் இரண்டு முழங்கால்களும் தேய்ந்துவிட்டன என்று சொன்ன தேனி எலும்பு டாக்டர், தினமும் மார்பளவு தண்ணீரில் நடக்கச் சொன்னார். உடம்பின் பாரம் காலில் இறங்காது, ஆபரேஷனைக் கொஞ்ச காலம் தள்ளிப்போடலாம் என்றார். எங்கே போய் நடப்பது? ஆற்றில் இறங்கினால் பாசியில் வழுக்கும், வழுக்காவிட்டாலும் கரையில் நிற்கிற ஊர் வேடிக்கை பார்க்கும்.

என் கணவருக்கு உத்தமபாளையத்தில் உரக்கடை. சுருளிப்பட்டிப் பக்கம் நெல் வயலை ஒட்டி எங்களுக்கு ஒரு தென்னந்தோப்பும் அதற்குள் ஒரு வீடும் உண்டு. குமுளியில் அவருடைய நண்பர் வீட்டில் ஃபைபர் நீச்சல் குளத்தைப் பார்த்துவிட்டு வந்தவர், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார். கோபப்பட வேண்டியவள்தான், ஆனால் அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கிரேன் தூக்கி வந்தபோது அது பெரிய நீலக் குளியல் தொட்டி மாதிரி தென்னைகளுக்கு நடுவே லேசாக ஆடியது. குழியில் இறக்கி, சுற்றிலும் ஜல்லியைக் கொட்டி, ஓரத்தில் கல் பதித்தார்கள். மறைவுக்கு ஆள் உயரச் சுவர் எழுப்பினோம்.

பொருத்த வந்த மதுரைக்காரரிடம் என் கணவர் கேட்ட ஒரே கேள்வி, "எத்தன வருஷம் வரும்?"

"ஃபைபர் ஓடு இருபத்தஞ்சு வருஷம் தாராளமா வரும் சார். மேல இருக்கிற பூச்சு பத்துப் பன்னெண்டு வருஷத்துல மங்கும். திரும்ப அடிச்சுக்கலாம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "மேடம், எக்காரணம் கொண்டும் முழுசாக் காலி மட்டும் பண்ணிறாதீங்க. உள்ள இருக்கிற தண்ணிதான் இதை அமுக்கிப் பிடிச்சிருக்கு. அடியில ஊத்து ஏறுச்சுன்னா மேல தூக்கிரும்."

என் கணவர் காதில் விழுந்தது இருபத்தைந்து வருஷம் மட்டும். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அதையே சொன்னார்.

அந்த இருபத்தைந்து வருஷமும் தானாக வந்துவிடாது என்பது எனக்கு இரண்டாவது மாதமே தெரிந்துவிட்டது. காலையில் எழுந்ததும் தண்ணீரைச் சிறு குழாயில் பிடித்துச் சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்க வேண்டும். குளோரின் குறைந்தால் பச்சைப் பாசி, கூடினால் கண் எரிச்சல். தென்னம்பூ ஓயாமல் உதிரும். ஆடிக் காற்றில் வயல் புழுதியும் சருகும் வந்து விழும். வலைக்கரண்டியால் அரித்து முடித்துத் திரும்பிப் பார்த்தால் அரிக்காத மாதிரியே கிடக்கும். மணல் ஃபில்டரை வாரம் ஒருமுறை தண்ணீரைத் திருப்பி விட்டுக் கழுவ வேண்டும். போர் தண்ணீர் உப்பு என்பதால் நீர்மட்டத்தை ஒட்டிச் சுற்றிலும் வெள்ளைக் கோடு படியும். அதை வினிகர் தொட்ட பஞ்சால் மெதுவாகத் துடைக்க வேண்டும். ஒரு நாள் என் கணவர் எனக்கு உதவுகிறேன் என்று பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரை எடுத்துத் தேய்த்து, படிக்கட்டுப் பக்கம் பூச்சு முழுக்கக் கீறல் போட்டுவைத்தார்.

"பொழுதன்னைக்கும் அதுக்குள்ளயே கெடக்க. உனக்கென்ன, வெளாட்டு," என்பார். கால் நோவோடு குனிந்து அரிப்பது விளையாட்டா என்று கேட்கத் தோன்றும். கேட்டதில்லை. முழங்கால் உண்மையிலேயே தேறி வந்தது. மாடிப்படியைக் கைப்பிடி இல்லாமல் ஏறிய அன்று நான் யாரிடமும் சொல்லாமல் மறுபடி இறங்கி இன்னொரு முறை ஏறினேன்.

அந்த வருஷம் ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் கொச்சியிலிருந்து என் நாத்தனார் குடும்பம் வருவதாக இருந்தது. முதல் போகத்துக்கு வாய்க்காலில் தண்ணீர் விட்டு, பக்கத்து வயலில் நடவுக்குச் சேறு அடித்துக்கொண்டிருந்தார்கள். தோப்புக் கிணற்றில் தண்ணீர் மேலே ஏறிக் கிடந்தது. நான் டாக்டரைப் பார்க்கத் தேனிக்குப் போய்விட்டு சாயந்தரம் திரும்பினால், தோப்புக்குள் நுழையும்போதே மோட்டார் சத்தம். குளத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. உள்ளே இரண்டு ஆட்கள் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். என் கணவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கரையில் நின்றார்.

"ஏங்க, காலி பண்ணக் கூடாதுன்னு அவுக அத்தன தடவ சொன்னாகல்ல?"

"தொட்டின்னா வருஷத்துக்கு ஒருக்காக் கழுவணும். அந்த வெள்ளக் கோட்டப் பாத்தா அக்கா என்ன நெனைக்கும்?"

"வாய்க்கால்ல தண்ணி வந்திருச்சு. கெணத்தப் பாத்தீகளா?"

"கெணறு அங்கன கெடக்கு, தொட்டி இங்கன கெடக்கு. அதுக்கும் இதுக்கும் என்ன?"

மதுரைக்காரருக்குப் போன் செய்தேன். "உடனே தண்ணி விடுங்க மேடம்," என்று கத்தினார். போர் மோட்டாரைப் போட்டேன். வேலை முடியவில்லை, காய்ந்தால்தான் கறை தெரியும், காலையில் நிரப்பிக்கொள்ளலாம் என்று என் கணவர் அதை நிறுத்தினார். நான் மறுபடி போட்டேன். அவர் மறுபடி நிறுத்திவிட்டு, "ஆளுக முன்னாடி என்னைய அசிங்கப்படுத்தாத," என்றார். அதற்கு மேல் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. முப்பது வருஷம் குடித்தனம் பண்ணியவளுக்கு எந்த இடத்தில் பேச்சு நிற்கும் என்று தெரியும்.

காலையில் தொழுதுவிட்டுப் போய்ப் பார்த்தேன். குளம் தரைக்கு மேலே நின்றது. ஒரு முனை என் இடுப்பளவுக்கு எழும்பியிருந்தது. ஓரத்துக் கற்கள் பெயர்ந்து கவிழ்ந்து கிடந்தன. குழாய்கள் முறிந்து, படிக்கட்டுப் பக்கம் கை நீளத்துக்கு ஒரு வெடிப்பு. அடியில் கலங்கல் தண்ணீர் தேங்கி நின்றது. அங்கேயே கவிழ்ந்த கல்லொன்றில் உட்கார்ந்துவிட்டேன்.

என் கணவர் வந்து குளத்தை முழுசாக ஒரு சுற்றுச் சுற்றினார். "மண்ணு கீழ எறங்கிருச்சு போல," என்றார்.

மதுரைக்காரர் மறுநாள் வந்தார். காலி செய்ததால் கம்பெனி பொறுப்பேற்காது என்றார். "வெயிட்டே இல்லாத டப்பாவ வித்துட்டுப் பேச்சப் பாரு," என்று என் கணவர் அவரிடம் எகிறினார். வயலில் தண்ணீர் நிற்கும்வரை மறுபடி இறக்க முடியாது, அறுவடை முடிந்து ஊற்று இறங்கட்டும் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

பெருநாளைக்கு வந்த பிள்ளைகள் அந்த நீலத் தொட்டி மேல் ஏறி நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நாத்தனார், "எந்தா இது, கப்பல் மாதிரி நிக்கிது?" என்று சிரித்தார். நான் உள்ளே போய் பிரியாணிக்கு வெங்காயம் வெட்டினேன்.

நெல் பயிராகிக் கதிர் வாங்கி அறுவடையாகும்வரை அது அப்படியே நின்றது. என் முழங்கால் பழையபடி வீங்கியது. மாடிக்குப் போவதை விட்டுவிட்டேன். டாக்டர், "தண்ணியில நடக்கிறீங்களா?" என்று கேட்டபோது என்ன சொல்வதென்று தெரியாமல், "தண்ணி கூடிப்போச்சு சார்," என்றேன். அவருக்குப் புரியவில்லை.

கதிரறுப்பு முடிந்த பிறகு கிரேன் மறுபடி வந்தது. தொட்டியை எடுத்து, குழியைச் சீர் செய்து, புது ஜல்லி போட்டு இறக்கினார்கள். அடித்தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கவும், ஏறினால் இறைக்கவும் ஓரத்தில் ஒரு நீளக் குழாயை நட்டார்கள். வெடிப்பை உள்ளும் புறமும் ஃபைபர் பாய் ஒட்டி, ரெசின் பூசி அடைத்தார்கள். நீலம் ஒத்துப்போகவில்லை. ஒரு மூலை சற்று உயர்ந்தே நிற்பதால் தண்ணீர் ஒரு பக்கம் விளிம்பைத் தொடும், இன்னொரு பக்கம் ஒரு சாண் இறங்கியிருக்கும். ஒட்டுப்போட்ட இடத்தில் இப்போது கொப்புளம் மாதிரி சின்னச் சின்னதாகப் புடைக்கிறது. இனி எத்தனை வருஷம் வரும் என்று மதுரைக்காரரிடம் கேட்டேன். "பாத்துக்கிட்டா வரும் மேடம்," என்றார். எண்ணிக்கை எதுவும் சொல்லவில்லை.

காலி செய்கிற மோட்டாரின் ஃபியூஸைப் பிடுங்கி என் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை. போன மாதம் கம்பத்தில் ஒருவர் ஃபைபர் குளம் போடப்போவதாக என் கணவரிடம் போனில் யோசனை கேட்டார். நான் தண்ணீருக்குள் நடந்துகொண்டிருந்தேன். என் கணவர் சுவருக்கு அந்தப்பக்கம் நின்று, "காலி மட்டும் பண்ணிறாதீக, அடி ஊத்து தூக்கிரும். அனுபவத்துல சொல்றேன்," என்று நிதானமாக விளக்கிக்கொண்டிருந்தார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

நேற்று கடையிலிருந்து வரும்போது குளோரின் வாங்கி வரச் சொல்லியிருந்தேன். மறந்துவிட்டு வந்தார். இன்றைக்குப் படியோரம் லேசாகப் பச்சை ஓடியிருக்கிறது. துடைத்துவிட்டு, விளிம்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி, நடக்கிறேன்.