பார்த்தும் பார்க்காதவள்

பிள்ளைகளா, நம் ஊரில் உங்கள் அம்மாவுக்கு ஒரு பெயர் இருந்தது. திமிர் பிடித்தவள். எதிரில் வந்தால் சிரிக்க மாட்டாள், கையைத் தூக்கிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள், பார்த்தும் பார்க்காதவள் மாதிரிப் போய்விடுவாள் என்று சொல்வார்கள். என் அக்கா, அதாவது உங்கள் அத்தை, ஒரு நாள் மரக்காணத்தில் பஸ் நிற்கும் இடத்தில் சாலைக்கு அந்தப் பக்கமிருந்து கையை ஆட்டியிருக்கிறாள். அம்மா நேராக அவள் நின்ற திசையைப் பார்த்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாளாம். அதிலிருந்து அக்கா நம் வீட்டுப் படி ஏறுவதை நிறுத்திவிட்டாள். சமாதானம் பேசப் போன என்னிடம், "உம் பொண்டாட்டிக்கு நான்லாம் கண்ணுக்குத் தெரிய மாட்டேன்பா. விடு" என்றாள். அவள் குத்தலாகச் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை உண்மை என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

நினைவு தெரிந்த நாளிலிருந்து நீங்கள் அம்மாவைக் கண்ணாடியோடுதான் பார்த்திருக்கிறீர்கள். அது அவள் முகத்துக்கு வந்த விதத்தை எழுதி வைக்கிறேன்.

எழுபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். நானும் அம்மாவும் உப்பளத்தில் கூலி வேலை. மழை வந்தால் உப்பு கிடையாது, வேலையும் கிடையாது. எனக்கு உப்புத் தண்ணீரில் நின்று நின்று காலில் புண். ஒன்று ஆறுவதற்குள் பக்கத்தில் இன்னொன்று கிளம்பும். இனி அந்தத் தண்ணீரில் இறங்க என்னால் ஆகாது என்று இருந்தபோது, பாண்டிச்சேரியில் ஒரு கண்ணாடிக் கடைக்கு ஆள் வேண்டும் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். போனேன். முதலில் கடையைப் பெருக்குவதும் லென்ஸ் அறுக்கிற இடத்துக்குப் போய்வருவதும்தான் வேலை. எட்டாவது வரை படித்திருக்கிறேன், நிதானமாகப் பேசுகிறேன் என்று பார்த்து, வருகிறவர்களுக்கு எந்த பிரேம், எந்த லென்ஸ் என்று எடுத்துச் சொல்லும் வேலையைக் கற்றுக்கொள் என்றார் முதலாளி.

கற்றுக்கொடுத்தது அவருடைய தங்கை மகன். மெட்ராஸில் இந்தத் தொழிலைப் படித்துவிட்டு வந்தவன். மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை. எனக்கோ இரண்டு பிள்ளைகள். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவான், நான் அவனைத் தம்பி என்பேன், ஆனால் திட்டும்போது பள்ளிக்கூடத்துப் பையனைத் திட்டுகிற மாதிரித் திட்டுவான். எனக்குக் கோபம் வராது. கோபப்படவும் தெம்பு வேண்டுமே. விடியுமுன் பஸ் ஏறி, கீழ்புத்துப்பட்டு தாண்டும்வரை நின்றுகொண்டே தூங்கி, கடை திறந்ததிலிருந்து சாத்தும்வரை நிற்க வேண்டும். கடையில் நாற்காலிகள் இருந்தன. அவை வாடிக்கைக்காரர்களுக்கு.

"வந்தவுடனே பிரேமை எடுத்து நீட்டாதீங்கண்ணே. இன்னா வேலை பண்றீங்கன்னு மொதல்ல கேளுங்க" என்பான். தையல்காரருக்கு ஒன்று, லாரி ஓட்டுகிறவருக்கு வேறொன்று. இரும்பை கிராமத்திலிருந்து ஒரு கொத்தனார் வந்தார். ஆரோவில்லில் வேலை செய்கிறவர். அங்கே வெள்ளைக்காரர்கள் போட்டிருக்கிற மாதிரி வட்டமான கம்பிக் கண்ணாடிதான் வேண்டும் என்றார். அகன்ற முகம் அவருக்கு. போட்டதும் காதுக் கம்பி இரண்டும் கக்கத்தில் குடை வைத்தவன் கை மாதிரி விரிந்து நின்றன. நான், "நல்லாருக்குதுங்க" என்றேன். கவுண்டருக்கு அடியில் தம்பி என் காலை மிதித்தான். மிதித்தது புண் இருந்த காலை. அவர் போனபிறகு, "நல்லாருக்குதுன்னு அவங்க வூட்ல சொல்லிப்பாங்க. நீங்க மூக்கைப் பாருங்க, காதைப் பாருங்க" என்றான்.

கிட்டப்பார்வை என்றால் கிட்டத்தில் தெரியும், தூரத்தில் தெரியாது. அதற்கு மைனஸ் லென்ஸ். வருகிறவர்கள் தலைகீழாகச் சொல்வார்கள். சொல்வதை நம்பாமல் ஆளைக் கவனிக்க வேண்டும் என்பான் தம்பி. "எதிர்க்கடை போர்டைப் பாக்கச் சொல்லுங்க. கண்ணை இடுக்கினாங்கன்னா மைனஸ்னு வெச்சுக்கோங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. "அப்படிப் பாத்தா எங்க உப்பளத்துல அத்தினி பேரும் மைனஸ்தான் தம்பி" என்றேன். நீங்களே பார்த்திருக்கிறீர்கள். பாத்தியில் உப்புப் பூத்துவிட்டால் மேலே ஒரு வெயில், கீழே ஒரு வெயில். அங்கே கண்ணை இடுக்காத மனிதர் இல்லை. வேலை விட்டு நிழலுக்கு வந்து கொஞ்ச நேரம் ஆனபிறகுதான் முகம் பழையபடி ஆகும்.

அந்தப் பேச்சு நடந்த வாரத்திலேயே ஒரு சாயங்காலம் கடையைச் சீக்கிரம் சாத்தினார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வருகிறேன். வெயில் போய்விட்டது, வெளிச்சம் மட்டும் மிச்சம். சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா வாசலில் நிற்கிறாள். நான் வரும் பக்கம்தான் பார்க்கிறாள். கண்ணை இறுக்கி இடுக்கிக்கொண்டு பார்க்கிறாள். மழை மேகம், உப்புமில்லை, வெயிலுமில்லை. நான் அப்படியே நின்றுவிட்டேன்.

"யாரு?" என்றாள்.

பதில் சொல்லவில்லை. இரண்டு எட்டு வைத்தேன். புண் காலை இழுத்து நடக்கிற சத்தம் கேட்டதும் அவள் முகம் தளர்ந்தது. "நீங்கதானா. வாயைத் தொறந்து சொன்னா இன்னா" என்றாள்.

சோறு போட்டுவிட்டு உட்கார்ந்தபோது கேட்டேன். "உனக்கு எட்ட இருக்கிறது தெரியாதா?"

"தெரியுமே."

"அப்போ நான் வந்தது?"

கொஞ்ச நேரம் குழம்புச் சட்டியையே துழாவிக்கொண்டிருந்தாள். "சின்ன வயசுலருந்தே அப்படித்தான். பொண்ணு பாக்க வரும்போது சொல்லாதன்னு எங்கம்மா சொல்லிச்சு. நீங்க வந்தீங்க, குனிஞ்சுக்கினே இருந்தேன். நல்ல அடக்கம்னு சொன்னீங்களாம்."

எனக்குச் சிரிக்கவும் தோன்றவில்லை. "கண்ணாடிக் கடையில வேலை பண்றேன். எங்கிட்டயாவது சொல்லக் கூடாதா?"

"சொன்னா போடச் சொல்லுவீங்க. போட்டா மேஸ்திரிக்குத் தெரியும்."

அப்போதுதான் எனக்கு முழுவதும் புரிந்தது. உப்பைக் கூடையில் வாரித் தலையில் வைத்துக்கொண்டு, ஆள் பின்னால் ஆளாக வரப்பு மேல் போக வேண்டும். வரப்போ ஒரு ஆள் அகலம்தான். அதற்கு முந்தின பருவத்தில், கண் மங்கிப்போன ஒரு பொம்பளை கூடையோடு பாத்தியில் விழுந்தாள். மறுநாளே மேஸ்திரி அவளை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். உங்கள் அம்மா வரப்பைக் காலால் தெரிந்து வைத்திருந்தாள். ஆட்களைக் குரலாலும் நடையாலும் புடவைக் கலராலும் தெரிந்து வைத்திருந்தாள். பேசாமல் போகிறவர்கள் அவளுக்கு இல்லாதவர்கள்.

"ஊர்ல திமிர் புடிச்சவள்னு பேசறாங்களே" என்றேன்.

"பேசட்டும். திமிர் புடிச்சவளுக்கு வேலை குடுப்பாங்க. கண்ணு தெரியாதவளுக்கு யாரு குடுப்பாங்க?"

நான் பழகிக்கொண்டிருந்த வேலைக்குக் கிடைத்த மாதச் சம்பளத்தில் நாம் ஐந்து நாள்கூடச் சாப்பிட முடியாது. அவள் உப்பளத்துக்குப் போனால்தான் வீடு. பொங்கல் கழிந்தால் உப்பளத்தில் மறுபடி ஆள் எடுப்பார்கள். அதற்குள் ஏதாவது செய்ய வேண்டும், அல்லது ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும். ஒன்றும் செய்யாமல் இருந்தால் ஒரு நாள் அவளும் பாத்தியில் விழுவாள்.

துணி எடுக்கப் போகிறோம் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு அவளைக் கடைக்கு அழைத்துப் போனேன். பின் அறையில் சாயங்காலம் ஒரு கண் டாக்டர் உட்காருவார். பரிசோதனைக்கு மாட்டுகிற அந்தக் கனமான இரும்பு பிரேமில் அவர் லென்ஸை ஒவ்வொன்றாகப் போட்டுப் போட்டுப் பார்த்து, சீட்டில் எழுதிக் கொடுத்தார். பவர் கொஞ்ச நஞ்சமில்லை. அந்தப் பிரேமை மாட்டியபடியே வாசலுக்கு வந்து தெருவைப் பார்க்கச் சொன்னான் தம்பி.

அவள் தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். பிறகு மெதுவாக, "எதிர்க்கடைக்காரரு வெத்தலை மெல்றாரு" என்றாள்.

"ஆமா."

"நம்மளப் பாத்து மொறைக்கிறாரு."

"அவரு எல்லாரையும் அப்படித்தான் பாப்பாரு அக்கா" என்றான் தம்பி.

"இத்தினி தூரத்துலருந்தே மூஞ்சி தெரியுமா எல்லாருக்கும்?" என்று என்னிடம் கேட்டாள். தெரியும் என்றேன். "அப்போ அவங்க என்னைத் திட்டினது நியாயந்தான்" என்றாள். அழவில்லை. உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். அந்த நாற்காலியைப் பார்க்க எனக்கே கொஞ்சம் ஆசையாக இருந்தது.

தம்பி என் பக்கம் திரும்பி, "அண்ணே, இவங்க இப்போ உங்க வூட்டுக்காரம்மா கெடையாது. கஸ்டமர். நீங்களே பாருங்க" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

நான் கவுண்டருக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன். தங்கக் கலரில் ஒல்லியான பிரேம் ஒன்றை எடுத்தேன். அவளுக்கு அழகாக இருக்கும் என்று தோன்றியது.

"இன்னா வேலை பண்றேன்னு கேக்கலியே" என்றாள் அம்மா. தம்பி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

"சொல்லும்மா, இன்னா வேலை?"

"உப்பளம். நீங்க குடுக்கிற கம்பிய உப்பு ஒரே பருவத்துல தின்னுடும்."

உட்கார்ந்து வேலையைப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது, நின்றுகொண்டேதான் பார்த்தேன். உலோகம் வேண்டாம், பிளாஸ்டிக். பெரிய பிரேம் வேண்டாம், மைனஸ் லென்ஸ் ஓரத்தில் தடித்துக் கனக்கும். குனிந்து உப்பு வாரும்போது நழுவக் கூடாது. கூடைக்கு அடியில் வைக்கிற சும்மாட்டுத் துணி காதுவரை இறங்கும், காதுக் கம்பி அதற்குள் அடங்க வேண்டும். அவள் தலையில் என் துண்டையே சுருட்டி வைத்து, மேலே ஒரு லென்ஸ் பெட்டியைத் தூக்கி வைத்து நடக்கச் சொன்னேன். கடைக்கு வந்திருந்த ஒருவர் பார்த்துக்கொண்டே நின்றார். இதெல்லாம் சரியாக வந்தபிறகும் மேஸ்திரி மிச்சம் இருந்தார்.

"லேசா கலர் குடுத்த லென்ஸ் போட்டுக்கலாம்" என்றேன். "யாராவது கேட்டா வெயிலுக்குன்னு சொல்லிடு. பவர்னு யாருக்கும் தெரியாது."

"தெரியும்" என்றான் தம்பி. "இந்தப் பவருக்குக் கலர் கண்ணாடியை அறுத்தா நடுவுல வெளுப்பாவும் ஓரத்துல கருப்பாவும் வரும். பழக்கப்பட்டவங்க கண்டுபுடிச்சிடுவாங்க."

"எங்க மேஸ்திரி கண்ணாடியே போட்டதில்ல தம்பி" என்றாள் அம்மா. பிறகு யோசித்தாள். "கூலிங் கிளாஸ் போட்டுக்கினு உப்பு தூக்கினா சினிமாக்காரின்னு சொல்லுவாளுங்க."

"சொல்லுவாங்கதான்."

"சரி. திமிர் புடிச்சவள்னு பேரு ஏற்கனவே இருக்குது. அதோட இதுவும் சேந்துக்கும்."

அதையே போட்டோம்.

வேலை தொடங்கிய நாள் நான் கடையில் இருந்தேன். அன்று நடந்தது அம்மா சொல்லித்தான் தெரியும். பொம்பளைகள், "இன்னாடி, ஷூட்டிங் எங்க? எங்களயும் கூட்டிக்கினு போ" என்று கேட்டிருக்கிறார்கள். "நீங்கள்லாம் கூட்டத்துல நிக்கிற ஆளுங்க, அப்புறமா கூப்புடறேன்" என்று இவள் சொல்லியிருக்கிறாள். மேஸ்திரி வந்தார். கையை நீட்டி, "குடு பாப்போம்" என்றார். வாங்கித் தன் மூக்கில் மாட்டிக்கொண்டார். அம்மாவுக்குக் காலடியில் வரப்பே கரைந்த மாதிரி இருந்ததாம். மாட்டினதும் அவர் ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் பக்கத்தில் நின்றவன் தோளைப் பிடித்துக்கொண்டாராம்.

"இன்னாம்மா இது, தரை எங்கேயோ போகுது."

"ஒசத்திக் கண்ணாடிங்க. பழகணும்."

அவர் கழற்றினார். கண்ணாடியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். திருப்பிக் கொடுத்துவிட்டு, "உடைச்சுக்கினு வந்து எங்கிட்ட நிக்காத. கீழ பாத்து நட" என்று சொல்லிக் கூடையைக் காட்டினார். அவருக்குப் புரிந்துவிட்டதா, புரிந்தும் விட்டுவிட்டாரா என்று எங்களுக்குத் தெரியாது. அந்தப் பருவம் முழுக்க அவளை நிறுத்தவில்லை. அவள் விழவும் இல்லை.

அன்று சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது அவள் கண்ணாடியோடுதான் உட்கார்ந்திருந்தாள். லென்ஸ் முழுக்க உப்பு காய்ந்து, பனி பிடித்த மாதிரி இருந்தது. முந்தானையால் துடைக்கப் போனவளைத் தடுத்தேன். காய்ந்த உப்பைத் தேய்த்தால் லென்ஸில் கீறல் விழும், தண்ணீர் ஊற்றித்தான் கழுவ வேண்டும் என்று கடையில் வருகிறவர்களுக்குச் சொல்கிறதையே அவளுக்கும் சொன்னேன்.

"உங்க அக்காவப் பாத்தேன்" என்றாள். "அந்தக் கோடி வரப்பு வழியா நடந்து போனாங்க. தூரத்துலருந்தே யாருன்னு தெரிஞ்சுது. கூப்புடலாம்னு கையைத் தூக்கினேன். என்னைப் பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கினாங்க."

நான் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டேன்.

"இத்தினி நாளா அப்படித்தான் திருப்பிக்கினு இருந்தாங்களா? அவங்க மட்டுந்தானா, எல்லாருமா?"

"எல்லாரும் இல்ல" என்றேன். உண்மையில் எனக்கும் தெரியாது.

"வேலைக்கு மட்டும் போட்டுக்கோ, வேணும்னா" என்றேன் கொஞ்சம் கழித்து. "ரோட்ல வர்றப்ப கழட்டி வெச்சுக்கோ."

"வாணாம். தெரியட்டும். நாளைக்கும் கையைத் தூக்குவேன். அவங்க எத்தினி நாளைக்குத் திருப்பிப்பாங்கன்னு பாக்கறேன்" என்று கண்ணாடியைக் கழற்றி என்னிடம் நீட்டினாள்.

நாள் முழுக்கப் பிறத்தியார் கண்ணாடியைத் துடைத்த கையால் அதை வாங்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனேன். உட்கார்ந்துதான் கழுவினேன். அன்றைக்கு அதற்கு மேல் நிற்கக் காலில் தெம்பு இல்லை.