அப்பாவின் நாக்கு

மாடி வீட்டுப் பெண் சாக்ஸபோனில் ஒரே சுரத்தைத் 'து து து' என்று வெட்டி வெட்டிப் பழகுகிறாள். கேட்டதும் நினைவில் சிறுவயது ராயபுரத்து வீட்டுக்குப் போய்விட்டேன்.

அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. மாலையில் தேவாலய பேண்டில் சாக்ஸபோன் வாசிப்பார். ஒருநாள் பாரம் தூக்கும் சங்கிலி அறுந்து தாடையில் அடித்ததில், பல் பட்டு நாக்கு கிழிந்துவிட்டது. காயம் ஆறிய பிறகு ஊதினால், நாக்கால் வெட்டிப் பிரிக்க முடியாமல் சுரங்கள் ஒன்றோடொன்று குழைந்தன.

"ஈஸ்டர் ஊர்வலத்துக்கு வேற ஆளப் பாத்துக்கறேன்பா" என்றார் பேண்ட் மாஸ்டர்.

அப்பா வீம்பாக, ஊதுவாயில் இருக்கும் ரீட் என்ற மெல்லிய தகட்டை நாக்கால் ஓங்கி அடித்துப் பழகினார். தகரத்தைத் தட்டுவது போலச் சத்தம் வந்தது. கைக்குழந்தையான என் தம்பிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த அம்மா சொன்னாள்:

"இன்னாத்துக்குயா இந்தப் போடு போடுற? கொயந்தயப் பாரு, 'தத்தத்தா'ன்னு எவ்ளோ லேசா சொல்லிகினு கீது."

அப்பா தம்பியின் வாயையே பார்த்தார். நாக்கு நுனி தொட்டுத் தொட்டு விலகியது. அவன் எதிரில் உட்கார்ந்து அதேபோல ரீடை மெல்லத் தொட்டு ஊதினார். அன்றிலிருந்து தினமும் அப்படியே ஊதினார். பேண்ட் மாஸ்டர் ஒருநாள் கேட்டுவிட்டு அவரை மறுபடி சேர்த்துக்கொண்டார்.

ஈஸ்டர் ஊர்வலம் எங்கள் தெருவுக்குள் வந்தபோது அப்பா முன்வரிசையில் இருந்தார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பேண்ட் கடந்துபோன பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணொண்ணும் தனித்தனியா கேட்டுச்சுடி" என்று சொல்லி அழுதாள்.