நன்றியுரைக்கு மட்டும் தேவைப்பட்ட தமிழ்

1. பண்டிதர் அக்கா

தீவுப்பகுதியில் வேலை செய்த ஒரு தொண்டு நிறுவனத்தில் நான் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்த நாளிலேயே என் கோபமும் வேலைக்குச் சேர்ந்துவிட்டது. காலை மீற்றிங்கில் புதிதாக வந்தவர்களைத் தங்களைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். நான் எழுந்து நின்று, ஊர் கரம்பொன் என்பதில் தொடங்கி, முழு வசனங்களில் பேசினேன். "இப்பணியில் என்னையும் இணைத்துக்கொண்டமைக்கு நன்றி" என்று முடித்துவிட்டு உட்கார்ந்தேன்.

கணக்குப் பகுதியில் இருந்தவர் வாயைப் பொத்திக்கொண்டு, "என்னக்கா, செய்தி வாசிச்சு முடிஞ்சுதோ?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கு விழுந்த பெயர்தான் பண்டிதர் அக்கா. ஓய்வு பெறும்வரை அது என்னை விடவில்லை.

அடுத்ததாக எங்கள் கோர்டினேட்டர் ரமணன் சேர் எழுந்தார். யாழ்ப்பாண நகரத்துப் பிள்ளை, என்னைவிட வயதில் குறைந்தவர், நல்ல உழைப்பாளி. முழுவதும் ஆங்கிலத்தில் பேசினார். அந்த அறையில் இருந்த பாதிப் பேருக்கு அது விளங்கவில்லை. ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை. "என்ன இங்கிலிஸ் பாத்தியளோ!" என்று அதே கணக்குக்காரர் மெச்சினார்.

எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது. விளங்காத மொழியில் பேசியவர் திறமைசாலி. விளங்கிய மொழியைத் திருத்தமாகப் பேசியவள் எடுப்புக்காரி, பெரிய ஆள்போலக் காட்டிக்கொள்கிறவள். இது எந்த ஊர் நியாயம்? ஆனால் வேலை புதிது. வாயைத் திறக்காமல் இருந்தேன்.

2. கல்வேலிக்குள் ஒரு சபை

நெடுந்தீவில் மழைநீர்த் தாங்கி கொடுக்கும் புரொஜெக்ட் ஒன்று வந்தது. கூரையில் விழும் மழையும் சேரும், தண்ணீர் பவுசர் வண்டி வரும் நாளில் அதையும் நிரப்பி வைக்கலாம். நெடுந்தீவில் நல்ல தண்ணீரின் அருமை தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று நான் சொல்லத் தேவையில்லை. எல்லா வீட்டுக்கும் கொடுக்கத் தாங்கி இல்லை. அதனால் பயனாளி தெரிவுக்காக வீடு வீடாகப் போனோம். சேர் கேள்வி கேட்பார், நான் குறிப்பெடுப்பேன். பிறகு பணம் தரும் டோனருக்கு அதை ஆங்கிலத்தில் எழுதுவது என் வேலை.

திரேசாவின் வீட்டுக்கு நாங்கள் போனது நல்ல வெயில் நேரத்தில். கல்வேலி இரண்டு இடங்களில் சரிந்து கிடந்தது. உள்ளே இரண்டு பசுக்கள், ஓலைக் கொட்டில் ஒன்று, தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. அந்த அறைக்குள் அவருடைய கணவர் படுத்திருந்தார். வள்ளத்தைக் கரைக்கு இழுக்கும்போது விழுந்து இடுப்பு முறிந்தவர். எழுந்து நிற்க ஏலாது.

நாங்கள் நால்வர் வந்திருந்தோம். திரேசா எங்களுக்குக் கதிரைகளைப் போட்டார். உள்ளே போய் முகம் கழுவி, சேலையைச் சரிசெய்துகொண்டு வந்து, எங்கள் முன் நின்றார். இருக்கச் சொன்னோம், இருக்கவில்லை. நின்றபடியே பேசினார்.

"ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும் வணக்கம். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சவர். குடிப்பதற்கு உரிய தண்ணீரை நான் தூரத்திலிருந்து துவிச்சக்கர வண்டியில் கொண்டு வருகிறேன். வரிசையில் நிற்கும் நாளில் திரும்பி வர நேரமாகிவிடும். அந்த நேரத்தில் என் கணவருக்குத் தாகம் எடுத்தால், எடுத்துக் கொடுக்க எவருமில்லை. நான் வரும்வரை அவர் தாகத்தோடு காத்திருப்பார். இதைத் தவிர எனக்கு வேறு முறைப்பாடு இல்லை."

இவ்வளவுதான். அழவில்லை. கையைப் பிசையவில்லை. நான் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பேர் கதைத்துக் கேட்டிருக்கிறேன். ஒரு வீட்டின் கஷ்டத்தை இவ்வளவு சுருக்கமாக, எதிரே இருப்பவர் மறுக்க முடியாதபடி சொன்ன ஒருவரை நான் அதுவரை கண்டதில்லை.

சைக்கிளுக்குத் துவிச்சக்கர வண்டி என்ற சொல் வந்தபோது எங்கள் குழுவில் ஒருவர் தலையைக் குனிந்து சிரித்தார். திரேசா அதைக் கண்டார். கண்டும் காணாதவர்போல முடித்தார்.

3. வாசல் தாண்டியதும்

வெளியே வந்ததும் சேர் பக்கத்து வளவுப் பெண்ணிடம் திரேசாவைப் பற்றி விசாரித்தார்.

"உவவோ? உவ பெரிய எடுப்பு சேர். எங்களோடை கதைக்கேக்கை ஒரு மாதிரி, ஆக்களைக் கண்டால் இன்னொரு மாதிரி. மாதா கோயிலிலை வாசகம் வாசிக்கிறவ எல்லோ, அந்த நடப்பு."

சேருக்கு அது போதுமாக இருந்தது. நாங்கள் வந்த லான்ட்மாஸ்டர் வண்டியில் ஏறியதும் என் பக்கம் திரும்பினார். "அக்கா, உவவை விடுவம். உண்மையாக் கஷ்டப்பட்ட சனம் உப்பிடிக் கதைக்க மாட்டினம். எங்கையோ வசதியா இருந்த ஆள். இல்லாட்டி ஆரோ எழுதிக் குடுத்துப் பாடமாக்கியிருக்கிறா."

"அந்த மனுசன் படுத்துக் கிடந்தது பாடமாக்கினதோ சேர்?" என்று கேட்டேன்.

"அதில்லை அக்கா. டோனருக்கு நாங்கள் ஆளைக் காட்டவேணும். உவ வந்து பிரசங்கம் வைச்சால் அவை என்ன நினைப்பினம்? ஒருக்கால் போய்ச் சொல்லிப் பாருங்கோ, கொஞ்சம் சாதாரணமாக் கதைக்கச் சொல்லி. ரெண்டு சொட்டுக் கண்ணீர் விட்டாலும் பிழையில்லை."

நான் சொல்ல மாட்டேன் என்றேன். வேறொருவர் போய்ச் சொன்னார். திரேசா அவருக்குக் கொடுத்த பதிலை அவரே வந்து சிரித்துச் சிரித்து எங்களிடம் ஒப்புவித்தார்.

"தண்ணி கேக்கிறதுக்கு என்ரை தமிழைக் கழட்டி வைச்சிட்டு வரவேணுமோ தம்பி?"

அவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். பயனாளிப் பட்டியலிலிருந்து திரேசாவின் பெயர் நீங்கியது. எதிர்த்துச் சொன்னேன், ஒரு முறை அல்ல. "பண்டிதர் அக்காவுக்குப் பண்டிதரைத்தானே பிடிக்கும்" என்று அதையும் பகிடியாக்கிவிட்டார்கள்.

4. எங்கிருந்து வந்தது இந்த வெறுப்பு

இதைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். சனத்தை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. எங்கள் ஊரில் காணி பூமியோடு ஒரு பெரியவர் இருந்தார். சங்கம், சபை எதுவென்றாலும் தலைமைக் கதிரை அவருக்குத்தான். ஏழை எளியதுகள் ஏதாவது கேட்டுப் போனால், நாலு முழத்துக்கு ஒரு வசனம் சொல்லுவார். கேட்டவருக்குத் தருவதாகச் சொன்னாரா, இல்லையென்று சொன்னாரா என்றே விளங்காது. தலையைச் சொறிந்துகொண்டு திரும்பிப் போவார்கள். வாசல் படலையைச் சாத்துவதற்கென்றே அவர் தமிழை வைத்திருந்தார். அரசாங்கக் கந்தோர்களில் இருந்த பலரும் அதையே செய்தார்கள். அப்படி வாசலில் நின்று பட்ட சனம், நல்ல தமிழ் காதில் விழுந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வது எனக்கு விளங்குகிறது.

ஆனால் திரேசா யாருடைய படலையைச் சாத்தினார்? பெரியவர் அந்தத் தமிழைப் பேசியபோது அறிவாளி என்றார்கள். மாடு வளர்க்கிற, மீன் காய வைக்கிற ஒரு பெண் பேசினால் எடுப்பு என்கிறார்கள். அப்படியென்றால் கோபம் தமிழில் இல்லை. அது யாருக்குச் சொந்தம் என்று நாங்கள் மனத்துக்குள் போட்டு வைத்திருக்கிற உறுதியில்தான் இருக்கிறது. காணி உறுதிப் பத்திரத்தைப் போல அதையும் பரம்பரையாக வைத்திருக்கிறோம். வெட்கமில்லாத வேலை இது.

பிறகொரு நாள் நானே தனியாகத் திரேசாவிடம் போனேன். வேலை நிமித்தம் அல்ல, மனம் கேட்காமல் போனேன். பசுவுக்கு வைக்கோல் போட்டபடி கதைத்தார். அப்போது அவர் பேச்சு எங்கள் எல்லோருடைய பேச்சும் போலத்தான் இருந்தது.

"என்ரை ஐயா கூத்துப் பழக்கிற அண்ணாவி, மிஸ். நான் எட்டாம் வகுப்போடை நிண்டிட்டன். ஆனால் வீட்டிலை விடிஞ்சால் பொழுதுபட்டால் பாட்டும் வசனமும்தான். சபைக்கு முன்னாலை நிக்கேக்கை முகத்தைக் கழுவி, சொல்லையும் கழுவிக்கொண்டு வரவேணும் எண்டு சொல்லுவார். கேக்கிற ஆக்களுக்கு நாங்கள் குடுக்கிற மரியாதை அது. நீங்கள் நாலு பேர் என்ரை வீடு தேடி வந்தனீங்கள். உங்களோடை நான் மாட்டோடை கதைக்கிற மாதிரிக் கதைக்கலாமோ?"

எங்களை அவர் ஒரு சபையாக மதித்திருக்கிறார். அதைத்தான் நாங்கள் திமிர் என்று எடுத்துக்கொண்டோம்.

5. திறப்பு விழா

தாங்கிகள் கட்டி முடிந்தன. டோனர் தரப்பிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி வருவதாகச் செய்தி வந்தது. வரவேற்பு, விளக்கேற்றல், உரை எல்லாம் ஒழுங்காயிற்று. நன்றியுரைக்கு ஆள் இல்லை. தாங்கி கிடைத்தவர்களில் ஒருவரும் மைக்குக்குக் கிட்டப் போக மாட்டோம் என்றுவிட்டார்கள்.

சேர் கொஞ்சமும் யோசிக்காமல், "அந்தத் திரேசாவைக் கேப்பம். அவ வடிவாக் கதைப்பா" என்றார்.

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. வடிவாகக் கதைத்ததால் தண்ணீர் இல்லை என்று சொன்ன அதே வாய், மற்றவர்களின் தண்ணீருக்கு நன்றி சொல்ல அவரைக் கூப்பிடுகிறது! "உங்களுக்கு மனச்சாட்சி இருக்கோ சேர்?" என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டுவிட்டேன். அவர் உண்மையாகவே விளங்காமல் என்னைப் பார்த்தார். "ஏனக்கா, அவவுக்குச் சந்தோசமா இருக்கும்தானே?" என்றார். அவர் கெட்டவர் அல்ல. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

திரேசா சம்மதித்தார். "சபைக்குக் கூப்பிட்டால் மாட்டன் எண்டு சொல்லிப் பழக்கமில்லை, மிஸ்" என்றார்.

விழா மாதர் சங்க மண்டபத்தில் நடந்தது. குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து வந்த படகில் கடல் அடித்த களைப்போடு விருந்தாளி முன்வரிசையில் இருந்தார். அவர் பக்கத்தில் நான், எனக்கு அடுத்ததாகச் சேர். திரேசா மைக்குக்கு முன்னால் வந்து நின்று, ஒவ்வொருவராக நன்றி சொன்னார். தாங்கி கட்டிய மேசன்மாரை மறக்கவில்லை. கல்லும் மண்ணும் ஏற்றி வந்த படகுக்காரரை மறக்கவில்லை. நான் மெல்லிய குரலில் வசனத்துக்கு வசனம் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர் கொஞ்சம் நிறுத்தினார்.

"இறுதியாக ஒன்று. இந்தத் தாங்கிகளில் ஒன்றும் என் வீட்டில் இல்லை. கேட்டேன், கிடைக்கவில்லை. நான் பேசும் விதத்தைக் கேட்டவர்கள் எனக்குக் கஷ்டமில்லை என்று முடிவெடுத்தார்கள். நான் இங்கே நிற்கும் இந்த நேரத்திலும் என் கணவர் தனியாகப் படுத்திருக்கிறார். அவருக்கு இப்போது தாகமாக இருக்கலாம். ஆகவே நன்றியுரையை இத்துடன் முடித்துக்கொண்டு நான் வீட்டுக்குப் போக அனுமதி தாருங்கள். வணக்கம்."

சேர் என் முழங்கையைப் பிடித்தார். "அக்கா, உதை விடுங்கோ. உது வேண்டாம். சொல்லாதேங்கோ."

நான் சொன்னேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எது திறமோ அதை எடுத்து, ஒரு சொல் விடாமல் சொன்னேன். விருந்தாளி சேரிடம் திரும்பி, இது உண்மையா என்று கேட்டார். சேர் தெரிவு முறை, தகைமை, அளவுகோல் என்று நீண்ட ஆங்கிலத்தில் விளக்கினார். அந்தப் பெண்மணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, திரேசாவின் வீடு எங்கே, நடந்து போகலாமா என்று என்னிடம் கேட்டார்.

போனோம். திரேசா கணவரின் தலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, மற்றக் கையால் தண்ணீர் பருக்கிக்கொண்டிருந்தார்.

6. திரும்பும் படகில்

அன்று மாலையே படகில் திரும்பினோம். பாதிக் கடலில் சேர் என் பக்கம் திரும்பினார்.

"பாத்தியளோ அக்கா? நான் சொன்னனான். எடுப்பு."

"சேர், அந்த வெள்ளைக்கார அம்மாவோடை நீங்கள் இங்கிலிசிலை கதைச்சது எடுப்போ?"

"அது வேறை. அது தொழில்."

"அவ எங்களுக்கு முன்னாலை அப்பிடிக் கதைச்சது மரியாதை. உங்களுக்கு அது ஏன் கொழுப்பாத் தெரியுது எண்டு ஒருக்கால் இருந்து யோசியுங்கோ."

எனக்கு அதற்கு மேல் கடல் இரைச்சலோடு போட்டி போட விருப்பமில்லை. அடுத்த புரொஜெக்டுக்கு வேறொரு மொழிபெயர்ப்பாளரை எடுத்தார்கள். எனக்கு ஒபிசுக்குள் மேசை வேலை தந்தார்கள்.

அந்தப் பெண்மணியின் சொல்லில் திரேசாவுக்கும் ஒரு தாங்கி வந்தது. மாரி மழைக்குப் பிறகு போய்ப் பார்த்தேன். அறைச் சுவரோடு ஒட்டித் தாங்கி. அதிலிருந்து ஒரு குழாயை யன்னலுக்குள்ளால் இழுத்துக் கட்டிலின் தலைமாட்டில் ஒரு பைப் போட்டிருந்தார்கள். நான் கதிரையில் இருக்கும்போதே அவருடைய கணவர் கையை நீட்டிப் பைப்பைத் திறந்து, கோப்பையில் பிடித்து, தானாகவே குடித்தார்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வளவுப் பெண் வாளியோடு வந்தார். "மிஸ், உது உவ வாயாலை எடுத்த தாங்கி" என்று என்னிடம் சொன்னார். பகிடியா, குத்தலா தெரியவில்லை. எனக்கு உடனே ஏறிவிட்டது. நான் ஏதோ சொல்ல வாயெடுக்க, திரேசா முந்திக்கொண்டார்.

"ஓம், வாயாலை எடுத்ததுதான். குடிக்கிறதும் வாயாலைதானே. வாளியை வை, நிரப்பித் தாறன்."

இப்போது களத்துக்குப் போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்புவது பெரிதாக ஒன்றுமில்லை. உங்கள் முன் ஒருவர் எழுந்து நின்று திருத்தமாகப் பேசினால், வசதியான ஆள் என்று எழுதுவதற்கு முன், எழுந்து உள்ளே போய்ப் பாருங்கள். அந்த வீட்டில் யாராவது தாகத்தோடு படுத்திருக்கக்கூடும்.