சீட்டில் வந்த சிம்லா

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் நான் சொன்ன ஊருக்கு நாங்கள் ஒருமுறைகூடப் போனதில்லை. என் வீட்டுக்காரர் கூட்டிப்போகாத ஆள் இல்லை. ஆனால் எந்த ஊர் என்று எனக்குத் தெரியவரும்போது டிக்கெட் கைக்கு வந்திருக்கும். போன வருஷம் மகள் ஹாஸ்டலுக்குப் போன பிறகு, ஜனவரியில் ஐந்து நாள் லீவு கிடைக்கும், வடக்கே எங்கேயாவது பனி பார்த்துவிட்டு வரலாம் என்று அவராகவே சொன்னார். இந்த ஒரு தடவை இடத்தை நான்தான் சொல்வேன் என்றேன். சரி என்று தலையாட்டினார்.

மலையாள தேசத்து வலியசாலையில் பிறந்து, அதே தெருவில் வாழ்க்கைப்பட்டவள் நான். எனக்குத் தெரிந்த குளிரெல்லாம் விதுரா தாண்டிப் பொன்முடி மலைக்குப் போனால் காலையில் கிடைப்பதுதான். வெயில் ஏறினால் அதுவும் போய்விடும். அதனால் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்தேன். எங்கே எந்த வாரம் பனி விழுகிறது, எங்கே வெறும் குளிர் மட்டும் என்று போனவர்கள் எழுதியதையெல்லாம் தேடித்தேடி வாசித்தேன். மணாலியில் கூட்டம். சிம்லாவில் பனி வந்தால் வந்தது, வராவிட்டால் இல்லை. ஏமாந்து திரும்பினவர்கள் புலம்பியிருந்தார்கள். ஔலியில் ரோப் காரில் ஏறினால் காலுக்குக் கீழே வெள்ளைதான். ஔலி என்று முடிவு செய்துவிட்டேன்.

அவர் சாயங்காலம் கழக்கூட்டத்து ஆபீஸிலிருந்து ஹைவே டிராஃபிக்கில் நசுங்கி வந்து உட்காருவார். காபியோடு நான் ஔலியையும் நீட்டுவேன். அவ்வளவு தூரம் காரில் போனால் இடுப்பு போய்விடும் என்பார். இடுப்புக்கு பெல்ட் வாங்கி வைத்தேன். ஐந்து நாளில் முடியாது என்றார். மணிக்கணக்குப் போட்டுக் காட்டினேன். அவர் தலையைத் தின்றேன் என்பது உண்மைதான், மறுக்கவில்லை.

கடைசியில் அவர்தான் சொன்னார்.

"நீ ஒண்ணு சொல்லறே, நான் ஒண்ணு சொல்லறேன். சீட்டுப் போட்டுடலாம். பகவான் சொல்லட்டும்."

எங்கள் வீட்டில் இது வழக்கம். முடிவு வராத காரியத்துக்குச் சீட்டு எழுதி, சுருட்டி, பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்து எடுப்போம். எழுதுகிறவர் எடுக்கக் கூடாது, எடுக்கிறவர் எழுதக் கூடாது. எடுக்காத சீட்டுகளைப் பிரிக்கவும் கூடாது. அது சாமியைச் சந்தேகப்படுவது. காரியம் முடியும்வரை குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் இருந்துவிட்டுப் பிறகு கிள்ளியாற்றுக்குப் போகும். மகள் படிக்கும் காலேஜ்கூட அப்படித்தான் முடிவானது.

வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு வந்தேன். ஔலி, மணாலி, சிம்லா என்று மூன்று ஊர். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அவர் எழுதினார். தட்டில் சீட்டுகளின்மேல் அரளிப்பூ வைத்து, கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன். அவர் பக்கத்தில் கை கூப்பி நின்றுகொண்டிருந்தார்.

சிம்லா.

என் முகம் தொங்கிப்போனது. ஆனாலும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிள்ளையார் சொன்ன பிறகு என்ன பேச்சு? அடுத்த வாரம் இவர், ஆபீஸில் இரண்டு குடும்பம் அதே நாளில் சிம்லா போகிறதாம், சேர்ந்தே போகலாம் என்றார். பேச்சுத்துணைக்கு ஆளையும் பிள்ளையாரே சேர்த்துவிட்டிருக்கிறார் பாருங்கள் என்று அவருக்கு இன்னொரு கும்பிடு போட்டேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

புறப்பட நாலு நாள் இருந்தது. விளக்கேற்றும்போது ஒரு யோசனை. ஔலி இந்த வருஷத்துக்குத்தானே இல்லை? அந்தச் சீட்டை மட்டும் எடுத்து அடுத்த வருஷத்துக்குப் படத்தின் பின்னால் பத்திரமாக வைக்கலாமே. பிரிக்கக் கூடாதுதான். ஆனால் முடிவு வந்தாயிற்று, இதில் சந்தேகம் ஒன்றும் இல்லை என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு ஒன்றைப் பிரித்தேன். சிம்லா. நான் எடுத்த சீட்டு என் பர்ஸில் அல்லவா இருக்கிறது? மற்றதையும் பிரித்தேன். அதிலும் சிம்லா. அவருடைய அதே சாய்ந்த கையெழுத்து.

எனக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது. என் காதில் பூச்சுற்றியதைக்கூட விட்டுவிடலாம். சாமிக்கு முன்னால் என்னைக் கண்ணை மூட வைத்துவிட்டு, கை கூப்பி நிற்க எப்படி மனசு வந்தது?

கேட்கக் கூடாது, அவர் வாயிலிருந்தே வரட்டும் என்று வைராக்கியமாக இருந்தேன். விமானத்தில் சொல்வார் என்று பார்த்தேன். டில்லியில் பார்த்தேன். ம்ஹூம்.

சிம்லாவில் பளீரென்று வெயில். மலையெல்லாம் மண்ணும் பைன் மரமும்தான். இரண்டாம் நாளும் அப்படியே. ஆபீஸ்காரர் ஒருவரின் மனைவி, பனியே இல்லாத ஊரை யார் பார்த்து வைத்தது என்று மலையாளத்தில் விளையாட்டாகக் கேட்டாள். இவர் சிரித்துக்கொண்டே என்னைக் காட்டினார். "இவளாக்கும். இவ கையால எடுத்த சீட்டு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

அன்று சாயங்காலம் அறைக்கு வந்ததும் பர்ஸில் கொண்டுவந்த மூன்று சீட்டையும் பிரித்துக் கட்டில்மேல் வைத்தேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. மூன்று குடும்பமும் சேர்ந்து போவதென்று முன்பே பேசி, ரூம்கூடப் போட்டாயிற்று, என்னிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை என்று இழுத்தார்.

"எங்கிட்ட நேரா சொல்லியிருந்தா வரமாட்டேன்னா சொல்லியிருப்பேன்?"

"வந்திருப்பே. வழியெல்லாம் சொல்லிக் காட்டியிருப்பே. பகவான் சொன்னதுன்னா நீ வாயைத் திறக்க மாட்டே. அது எனக்குத் தெரியும்."

அவர் சொன்னது பொய்யில்லை. சொல்லிக் காட்டியிருப்பேன்தான். இத்தனை வருஷத்தில் என்னைப் பற்றி அவர் நன்றாகத் தெரிந்துகொண்டது ஒன்றே ஒன்று, அதை எடுத்து என் வாய்க்கே பூட்டுப் போட்டிருக்கிறார்.

கடைசி நாள் காலையில் தோளைத் தொட்டு எழுப்பினார். "எழுந்துக்கோ, பனி பெய்யறது. உனக்காக்கும் பெய்யறது, வா." வெளியே மற்ற குடும்பங்கள் ஓடுவதும் குதிப்பதும் கேட்டது. அவர் ஜன்னல் திரையை விலக்கினார். நான் ரஜாய்ப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அவரும் போனார். பத்து மணிக்கு மேல் வண்டி ஏறும்போது வெயில் வந்துவிட்டது. வாசலில் ஈரமும் சேறும்தான் இருந்தது.

ஊரில் யாராவது பனி எப்படி இருந்தது என்று கேட்டால் அவர்தான் பதில் சொல்கிறார். அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது என்றும் சேர்த்துக்கொள்கிறார். நான் பார்க்கவே இல்லை என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.