ஏற்றத்தில் சுட்ட சக்கரங்கள்

எழுபதுகளில் எங்கள் வீட்டுக்குச் சோறு போட்டது ஒரு பழைய வாடகைக் கார். போடிமெட்டிலிருந்து கீழே போடிக்கும், மேலே எஸ்டேட்டுகளுக்கும் ஆள் ஏற்றிப் போகும். ஓட்டியவர் அப்பா காலத்து டிரைவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். அப்பா போன பிறகு நான் முதலாளியானேன். அப்போது எனக்கு வயதைவிட வாய் அதிகம்.

ஒரு மழைக்காலம் முடிந்த கையோடு கார் முரண்டு பிடித்தது. மெட்டுக்கு வந்து நின்றால் சக்கரங்களில் கருகல் வாடை. டீக்கடையில் தண்ணீர் வாங்கித் தெளித்தால் நான்கிலும் சுர்ரென்று ஆவி எழும். ஒரு சக்கரம் மட்டும் சுட்டால் கோளாறு அந்தச் சக்கரத்தில், நான்கும் சுட்டால் டிரைவர் காலில். மலையில் எல்லோருக்கும் இதுதான் கணக்கு.

"பிரேக்குல கால வச்சுக்கிட்டே ஓட்டுறீகளாண்ணே?" என்று ஸ்டாண்டில் நாலு பேர் முன்னால் கேட்டேன்.

"ஏத்தத்துல வரும்போதுதான் தம்பி ரொம்பச் சுடுது. ஏத்தத்துல எவனாச்சும் பிரேக்க மிதிப்பானா?"

நியாயமான கேள்வி. அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது. சாவியைக் கேட்டேன். ஸ்டீயரிங்கைத் துண்டால் ஒருமுறை துடைத்துவிட்டுக் கொடுத்தார். பிரேக்கில் கால் வைப்பவன் என்று பெயர் விழுந்தால் அப்புறம் இந்த மலையில் எவரும் வண்டி தரமாட்டார்கள். தெரிந்தேதான் அவரை வேலையைவிட்டு அனுப்பினேன்.

மறுநாள் நானே ஓட்டினேன். காலைப் பிரேக் பக்கம் கொண்டுபோகாமலே மெட்டு ஏறினேன். தண்ணீர் தெளித்தேன். நான்கும் சுர்ரென்றன.

போடி ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் ஜாக்கி வைத்துத் தூக்கினார். சக்கரம் கையால் சுற்றவில்லை. வண்டிக்கு அடியில் படுத்து, பிரேக் குழாய் நட்டைத் தளர்த்தினார். ஆயில் பீய்ச்சியது. சக்கரம் சுற்றியது.

"மிதிச்ச பிரேக்கு திரும்ப மாட்டேங்குது. கால் என்ன செய்யும்?" என்றார். பிரேக் சிலிண்டரைப் பிரித்தார். உள்ளே ரப்பர் வாஷர்கள் ஊறின மொச்சைபோல உப்பியிருந்தன. ஆயிலை விரலில் தேய்த்து முகர்ந்தார். "பிரேக் ஆயிலோட இஞ்சின் ஆயில் கலந்திருக்கு. யாரு ஊத்துனது?"

மழையில் மலைச்சாலை அடைபட்டு, பிரேக் ஆயில் கிடைக்காத வாரம் அது. டிரைவர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் நான்தான் ஊற்றினேன். எண்ணெய்க்கு எண்ணெய்தானே என்கிற மேதாவித்தனம்.

"தெரியலண்ணே" என்றேன்.

வாஷர் மாற்றியதும் சூடு போய்விட்டது. டிரைவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைத்தேன். நாலு பேர் முன்னால் கேட்டதை நாலு பேர் முன்னால்தான் திரும்ப வாங்க வேண்டும். வெட்கத்துக்குப் பயந்து நாளைக் கடத்தினேன்.

சில மாதம் கழித்து மெட்டில் ஒரு தேயிலை லாரி வந்து நின்றது. கிளீனர் கட்டையோடு இறங்கிச் சக்கரத்துக்கு அண்டை கொடுத்தார். எங்கள் டிரைவர். ஐம்பது வயதுக்கு மேல் கிளீனர் வேலை. என்னைப் பார்த்ததும் வந்தார். குனிந்து, புறங்கையால் எங்கள் கார் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"இப்பச் சுடலையே தம்பி."

"இல்லண்ணே."

தொட்ட கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"அப்ப என் காலுதான் போல. எனக்கே தெரியாம வச்சிருந்திருக்கேன். மனசுல வச்சுக்காத தம்பி."

லாரி ஹாரன் அடித்தது. கட்டையை எடுத்துக்கொண்டு ஓடினார். லாரி வளைவில் திரும்பும்வரை நேரம் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.