ஒரிஜினல் பிஸ்டன்

எங்கள் வீட்டில் மரம் வெட்டுவது அவர், மெஷினைக் கழற்றிப் பூட்டுவது நான். கொட்டகலைப் பக்கத்தில் இதைச் சொன்னால் ஆட்கள் முதலில் என் கையைப் பார்ப்பார்கள், அப்புறம் அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்க ஒன்றும் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் கொழும்புப் பக்கம் ஒரு கார்மென்ட் ஃபாக்டரியில் இருந்தேன். தைக்கத்தான் போனேன், கொஞ்ச நாளில் தையல் மெஷின் ரிப்பேர் பார்க்கிற பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். எந்த ஆணி எங்கிருந்து வந்ததோ அங்கேயே போக வேண்டும் என்கிற பிடிவாதம் அங்கே பழகியது. என் வீட்டுக்காரருக்கு அது கிடையாது. அவர் மரம் அறுக்கிற செயின்சோவைக் கழற்றிப் பூட்டினால் கடைசியில் கையில் ஒன்றிரண்டு ஆணி மிஞ்சும். “இது தேவையில்லாத ஆணி” என்பார்.

நோட்டன் பிரிட்ஜ் பக்கம் ஒரு சரிவில் பெரிய டர்பன்டைன் மரம் ஒன்றை அறுத்துக்கொண்டிருந்தபோது அவர் மெஷின் நின்றுபோனது. யூகலிப்டஸை எங்கள் பக்கம் டர்பன்டைன் என்றுதான் சொல்வோம். கூட வேலை செய்கிறவர் ஒயில் கலக்காத பெட்ரோலை ஊற்றிவிட்டார். இந்த எஞ்சினுக்குப் பெட்ரோலில் ஒயிலைக் கலந்துதான் ஊற்ற வேண்டும். இல்லையென்றால் உள்ளே ஏறி இறங்குகிற பிஸ்டன் சூடேறி, சிலிண்டரோடு ஒட்டி இறுகிவிடும். மெஷின் போனது போகட்டும். பாதி அறுத்த மரம் அப்படியே நின்றது. அது எந்தப் பக்கம் சாயும் என்று யாருக்கும் தெரியாது. இரண்டு பேரும் அதன் அடியிலேயே நின்று ஆப்பு அடித்து, மிச்சத்தைக் கோடாரியால் வெட்டிச் சாய்த்திருக்கிறார்கள். இதை வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுக்கொண்டே, வேடிக்கை மாதிரி சொன்னார். நான் என் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன்.

அதனால் அந்த எஞ்சினைத் திரும்பக் கட்டும்போது எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். மரத்துக்கு நடுவில் அது நிற்கக் கூடாது.

கழற்றிப் பார்த்தேன். பிஸ்டனில் ஒரு பக்கம் முழுக்கக் கீறல். சிலிண்டர் சுவரில் பிஸ்டனின் அலுமினியம் அப்பிக் கிடந்தது. கக்கூஸ் கழுவுகிற அசிட்டைக் குச்சியில் சுற்றிய பஞ்சால் தொட்டுத் தொட்டு அப்பியிருந்த இடத்தில் மட்டும் வைத்தேன். நுரைத்தது, துடைத்தேன், மறுபடியும் வைத்தேன். நன்றாகக் கழுவி, மெல்லிய சேண்ட் பேப்பரால் தேய்த்துவிட்டு விரலை உள்ளே விட்டால் வழுவழுவென்று இருந்தது. சிலிண்டர் தப்பித்துவிட்டது, பிஸ்டன் மட்டும் புதிதாக வேண்டும். கீறல் விழுந்த பிஸ்டனைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஹட்டனுக்கு பஸ் ஏறினேன்.

எங்கள் பக்கத்து ஸ்பெயார் பார்ட்ஸ் கடைகளில் டூப்ளிகேட் என்று ஒரு சாமானே கிடையாது. ஒரிஜினல் உண்டு, ஒரிஜினல் மாதிரி உண்டு, ஒரிஜினல் சைனா உண்டு, சும்மா சைனாவும் உண்டு. முதலாளி கண்ணாடி மேசையில் முதலில் எடுத்து வைத்தது மூன்றாவது ரகம்.

“முழு செட்டா எடுத்துக்குங்க தங்கச்சி. சிலிண்டர், பிஸ்டன், ரிங் எல்லாம் உள்ளுக்கு இருக்கு. ஒரிஜினல் சைனா.”

“கம்பனி பிஸ்டன் இருக்குங்களா மொதலாளி?”

“இருக்கு. ஆனா அந்த ஒத்தப் பிஸ்டனே இந்த முழு செட்ட விட வெல கூட. எதுக்கு? ரெண்டும் ஓடும்.”

செட்டில் இருந்த சிலிண்டருக்குள் விரலை விட்டேன். புகை வெளியே போகிற துவாரத்தின் ஓரத்தில் நகம் மாட்டியது. நகம் மாட்டுகிற இடத்தில் பிஸ்டனைச் சுற்றியிருக்கிற ரிங்கும் மாட்டி உடையும். பிஸ்டனைத் தண்டோடு கோக்கிற ஊசி நழுவாமல் பிடித்து வைக்கிற வளையக் கம்பி ஒன்று உண்டு, லொக் என்போம். செட்டில் இருந்த லொக் என் விரலுக்கே வளைந்தது. அது உள்ளே கழன்று விழுந்தால் எஞ்சின் தன்னைத்தானே அரைத்துக்கொள்ளும். இரண்டும் ஓடும் என்று அவர் சொன்னது உண்மைதான். எவ்வளவு நாளைக்கு என்று நான் கேட்கவில்லை. வேறு ஒன்றைக் கேட்டேன்.

“ஒங்க தம்பி மரம் வெட்டப் போறாருன்னா எத குடுப்பீங்க மொதலாளி?”

அவர் கோபப்படவில்லை. கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னார்.

“எங்க வீட்ல யாரும் மரம் வெட்டப் போறதில்லயே தங்கச்சி.”

சுருக்கென்றது. ஆனாலும் மனுஷர் பொய் சொல்லவில்லை. கம்பனி பிஸ்டனையும் அதன் ரிங்கையும் லொக்கையும் வாங்கிக்கொண்டேன். ஏர் ஃபில்டர், ஸ்டார்ட் பண்ணுகிற கயிறு, டேங்க் மூடி எல்லாம் சைனாவே எடுத்தேன். கயிறு அறுந்தால் வேறு கயிறு போட்டுக்கொள்ளலாம். அதற்கெல்லாம் கம்பனிப் பெயர் எதற்கு?

வீட்டில் அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். “செட்ட வாங்கியிருந்தா மிச்சத்துக்கு ஒரு செயினும் வாங்கியிருக்கலாம்” என்று இரண்டு நாள் முணுமுணுத்தார். எல்லாவற்றையும் பூட்டி நான் கயிற்றை இழுத்து, மூன்றாவது இழுப்பில் எஞ்சின் பிடித்ததும் முணுமுணுப்பு நின்றது. தலையைச் சாய்த்துக் கேட்டார், சிரித்தார், கையில் வாங்கி உறுமவிட்டார். வரிசை வீடுகளாக இருக்கிற எங்கள் லயத்தில் பாதிப் பேர் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அந்த வாரமே லயத்துப் பொதுக் குழாயான பீலியில் தண்ணி பிடிக்கும்போது பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். “என்னக்கா, மேல் லயத்து மரத்த வெட்ட ஒங்க வீட்டுக்காரரு ஒத்துக்கிட்டாராமே?”

குடத்தை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தேன். மேல் லயத்துக்குப் பின்னால் இருக்கிற டர்பன்டைன், கூரைகளின் பக்கமாகச் சாய்ந்து நிற்கிற மரம். அந்த லயத்து ஆட்கள் வந்து கேட்கும்போதெல்லாம் அவர் முடியாது என்றுதான் சொல்லியனுப்பியிருந்தார். மரம் சாய்கிற பக்கத்துக்கு எதிராக அதை விழவைக்க வேண்டும். நடுவில் மெஷின் மக்கர் பண்ணினால் மரமும் போகும், வீடும் போகும், அடியில் நிற்கிற ஆளும் போவான் என்று எனக்கு விளக்கியதே அவர்தான்.

“அன்னைக்கி முடியாதுன்னீங்க?” என்றேன் அவரிடம்.

“அன்னைக்கி இருந்தது அந்த மெஷினு. இப்ப உள்ளுக்க ஒரிஜினல்ல இருக்கு.”

“பிஸ்டன்தான் ஒரிஜினல். அது ஒடஞ்சா ஹட்டன்ல இன்னொன்னு கெடைக்கும். ஒங்களுக்கு ஒன்னு ஆச்சின்னா சைனா கூட கெடைக்காது.”

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு விஷயம் உறைத்தது. சைனா செட்டைப் போட்டுக் கொடுத்திருந்தால் இவர் அந்த மரத்தின் பக்கமே போயிருக்க மாட்டார். மெஷினை நம்பாத வரைக்கும் இவருக்குப் பயம் இருந்தது. பயம் இருந்த வரைக்கும் புத்தியும் இருந்தது. பார்த்துப் பார்த்து நல்ல சாமானாகப் போட்டு அந்தப் பயத்தைக் கழற்றி எறிந்தவள் நான். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

வெட்டுகிற அன்றைக்கு லயத்து ஆட்களையெல்லாம் ரோட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நானும் ரோட்டில் நின்றேன். மரத்தில் கயிறு கட்டி மேட்டுப் பக்கமாக ஆட்கள் இழுத்துப் பிடித்திருந்தார்கள். நான் மரத்தைப் பார்க்கவில்லை, சத்தத்தை மட்டும் கேட்டேன். செயின் கட்டைக்குள் இறங்கும்போது சத்தம் கனத்தது, வெளியே வந்தபோது லேசானது, மறுபடி கனத்தது. ஒரு விக்கல் இல்லை. மரம் முறிந்து மேட்டுப் பக்கமாகவே போய் விழுந்தது, ஒரு வீட்டுக் கூரைத் தண்ணி வடிகிற பீலித் தகரத்தை மட்டும் கிளை பிய்த்துக்கொண்டு போனது. அவர் முழுசாக வெளியே நடந்து வந்ததைப் பார்த்த பிறகுதான் ரோட்டை விட்டு அவர் பக்கம் போனேன்.

யாரோ பிளேன்டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர் குடித்துக்கொண்டிருக்கும்போதே தோட்டத்தின் பக்கத்து டிவிஷனிலிருந்து வந்த ஒருவர் ஆரம்பித்தார். “எங்க கோயிலுக்குப் பின்னுக்கும் ஒன்னு இருக்குங்க. இத விட பெரிசு. அடி பொந்தாயிருச்சி, யாரும் தொட மாட்டேங்கிறாங்க.”

“அதுக்கென்ன, வந்து பாத்துருவோம்” என்றார் இவர். என் பக்கம் திரும்பவே இல்லை.

நான் போய் அவர் காலடியில் இருந்த மெஷினைத் தூக்கினேன். சூடாக இருந்தது. கயிற்றை இழுத்தேன், உடனே பிடித்தது. கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்கிற மாதிரி நின்றுவிட்டு நிறுத்தினேன்.

“சத்தம் சரியில்ல” என்றேன். “உள்ளுக்க என்னமோ தட்டுது. இத வச்சி இனி மரத்துக்குப் போக ஏலாது. கழட்டணும்.”

அவர் முகம் மாறியது. மெஷின் விஷயத்தில் நான் சொல்லி அவர் மறுபேச்சுப் பேசியதில்லை. அந்த ஆளிடம் திரும்பி, “மெஷின் சரியில்லயாம், வேற யாரயாச்சும் பாருங்க” என்றார்.

மெஷினைத் தோளில் போட்டுக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். அதில் ஒரு குறையும் இல்லை.